வராத வண்டிக்கு ஊற்றிய பெட்ரோல்

அந்தத் தெருவில் லிஃப்ட்காரர் என்றால் யாரைச் சொல்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றாலும் முதல் ஃபோன் அவருக்குத்தான் போகும். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கத்திக்கொண்டிருக்க, அவர் வெளியே நின்று, "பயப்படாதீங்க, நின்ன லிஃப்ட் விழாது. ஓடுற லிஃப்ட் விழுந்தாத்தான் உண்டு" என்று ஆறுதல் சொல்வார். அதைக் கேட்டதும் உள்ளே கத்தல் இரண்டு மடங்காகும். ஏன் என்று அவருக்கு இன்றுவரை புரிந்ததில்லை. உண்மையைத்தானே சொன்னேன் என்பார்.

அவர் மனைவிக்குத் தெருவில் கண்ணாடியக்கா என்று பெயர். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டும் மெஷின் அவள் பொறுப்பு. டாக்டர் எழுதிய சீட்டைப் பார்த்து, லென்ஸை அளவுக்கருவியில் வைத்துப் புள்ளி குத்தி, ஃப்ரேமின் வடிவத்துக்கு வெட்டி, விளிம்பைத் தேய்த்து மாட்டிக் கொடுப்பாள். அந்தக் கடையின் அலமாரியில் ஃப்ரேம் விலை மட்டும்தான் எழுதியிருக்கும். லென்ஸ், அதன் மேல் பூச்சு, அதற்கு மேல் இன்னொரு பூச்சு என்று எல்லாம் சேர்ந்து பில் வரும்போது வாங்க வந்தவர் முகம் எப்படிச் சுருங்கும் என்று அவளுக்கு அத்துப்படி. அதனால்தானோ என்னவோ, புருஷன் ஒருநாள் வண்டிப் பேச்சை எடுத்தபோது அவள் சத்தம் போடவில்லை.

அது ஒரு சாயங்காலம். அவர்களுடைய ஒரே மகள், கல்லூரிக்குப் போகிறவள், புத்தகத்தை விரித்து வைத்து அதன் நடுவில் ஃபோனை வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் மடித்து வைத்ததை எடுத்து லிஃப்ட்காரர் மறுபடி மடித்தார். அப்படிச் செய்தால் மனதில் ஏதோ உருண்டுகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

"என்னன்னு சொல்லிடுங்க. துணி கசங்குது," என்றாள் அக்கா.

"ஒரு க்ரூஸர் வாங்கலாமான்னு பாக்குறேன்."

மகள் ஃபோனிலிருந்து தலையைத் தூக்கினாள். வேலை பழகிய காலத்திலிருந்தே அப்பாவுக்கு அந்த வண்டி மேல் ஒரு கண் என்று அவளுக்குத் தெரியும். தாழ்ந்த சீட்டு, அகலமான ஹேண்டில்பார், கால்களை முன்னால் நீட்டி, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தது போல நெடுந்தூரம் போவதற்கென்றே செய்த கனமான மோட்டார் சைக்கிள். அவரிடம் இருந்ததோ ஒரு சின்ன பைக். கருவிப் பையை டேங்கின் மேல் வைத்து முழங்கால்களால் இடுக்கிக்கொண்டு ஓட்டி ஓட்டி, நடக்கும்போதுகூட அவர் முழங்கால்கள் எதையோ இடுக்கிக்கொண்டிருப்பது போலவே இருக்கும்.

"விலை என்ன?" என்றாள் அக்கா.

"எந்த விலை?"

"வண்டி விலைதாங்க. வேற எந்த விலை?"

"மூணு விலை இருக்கும்மா. போர்டுல எழுதியிருக்கிற விலை ஒண்ணு. பதிவு, வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேத்து ரோட்டுக்கு வர்ற விலை ஒண்ணு. வந்ததுக்கு அப்புறம் வருஷம் பூரா நம்மகிட்ட வாங்குற விலை ஒண்ணு. அந்த மூணாவதை மட்டும் ஒருத்தரும் வாயத் திறந்து சொல்ல மாட்டேங்கறாங்க."

"எங்க கடை ஃப்ரேம் மாதிரி."

"அதேதான்."

அந்த மூன்றாவது விலையைத் தேடி அவர் இரண்டு வாரமாக அலைந்திருந்தார் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. ஷோரூமில் நின்ற பையன் முதல் சில சர்வீஸ் ஃப்ரீ என்றானாம். எது ஃப்ரீ என்று கேட்டாராம். லேபர் ஃப்ரீ சார் என்றானாம். ஆயில்? ஆயிலுக்குக் காசு சார். ஃபில்டர்? அதுக்கும் காசுதான் சார். "அப்ப நீங்க சும்மா திருகிவிடறது மட்டும்தான் ஃப்ரீ" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். பெட்ரோல் பங்கில் அதே வண்டி வைத்திருந்த முன்பின் தெரியாத ஒருவரை நிறுத்தி, பின்சக்கர டயர் என்ன விலை, எத்தனை நாள் உழைக்கும் என்று கேட்டிருக்கிறார். அந்த மனிதர், "சார், நான் அதை மறந்து நிம்மதியா இருந்தேன்" என்றாராம்.

"சரி, எல்லாம் விசாரிச்சாச்சு. வாங்கப் போறோமா, இல்லையா?" என்றாள் மகள்.

"முதல்ல எடை ஏத்திப் பாக்கணும்."

ஒரு புது லிஃப்ட்டை ஒப்படைக்கும் முன்னால் அவர்கள் ஒரு காரியம் செய்வார்கள். ஆள் யாரையும் ஏற்றாமல், இரும்புக் கட்டிகளை அடுக்கி ஓட்டிப் பார்ப்பார்கள். எழுதியிருக்கிற எடை மட்டும் போதாது, அதற்கு மேல் கால் பங்கு கூடுதலாக ஏற்றுவார்கள். பிரேக் பிடிக்கிறதா, கயிறு நழுவுகிறதா என்று வெளியே நின்று கவனிப்பார்கள். அது தாங்கினால்தான் மனிதர்களுக்குக் கதவு திறக்கும். அதையே வீட்டுக்கும் செய்யலாம் என்றார் லிஃப்ட்காரர். வண்டி வாங்கிவிட்டதாகவே வைத்துக்கொள்வது. கடன் வாங்கினால் என்ன தவணை வருமோ அதை மாதாமாதம் எடுத்து வைப்பது. பெட்ரோல், இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர் என்று வண்டி என்னவெல்லாம் கேட்குமோ அதையும் வைப்பது. எல்லாவற்றுக்கும் மேல் கால் பங்கு. ஒரு வருஷம் வீடு அதைத் தாங்கினால் வண்டி.

"தாங்கலைன்னா?" என்றாள் அக்கா.

"ஒரு மாசம் தவறினாலும் இந்தப் பேச்சையே விட்டுடறேன். இனிமே வாயெடுக்க மாட்டேன்."

இதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. இருபது வருஷ ஆசையை அந்த ஒரு வாக்கியத்தின் மேல் அவர் தூக்கி வைத்துவிட்டார் என்று அக்காவுக்குப் பட்டது. மனிதர் சொன்னால் சொன்னதுதான். சிகரெட்டை விட்டபோதும் இப்படித்தான் துணி மடித்துக்கொண்டே சொன்னார்.

அடுத்த நாளே காலியான க்ரீஸ் டப்பா ஒன்று கழுவித் துடைக்கப்பட்டு அலமாரியின் மேல் ஏறியது. அதில் விழுவதை மாதக் கடைசியில் வங்கியில் தனிக் கணக்கில் போடுவது என்று முடிவாயிற்று.

பிறகு அவர் டேப்பை எடுத்துக்கொண்டு கீழே போனார். கட்டடத்தின் வாசலை ஒட்டி வண்டிகள் நிற்கும் இடத்தில், க்ரூஸரின் நீள அகலத்துக்குச் சாக்பீஸால் ஒரு கட்டம் வரைந்தார். வரைந்த பிறகுதான் தெரிந்தது, அவ்வளவு நீளமான வண்டி நின்றால் கேட்டின் ஒரு கதவு முழுதாகத் திறக்காது என்று. கொல்லரைக் கூப்பிட்டுக் கீலை மாற்றினால் என்ன செலவு என்று கேட்டு அதையும் டப்பாவில் போட்டார். "கேட்டு செலவெல்லாம் எந்த ஷோரூம்ல சொல்லுவான்?" என்று அவருக்கு அதில் ஒரு சந்தோஷம். கீழ்வீட்டுக்காரர் பழக்கதோஷத்தில் தன் ஸ்கூட்டரை அந்தக் கட்டத்துக்குள் நிறுத்தினார். லிஃப்ட்காரர் போய், "சார், எங்க வண்டி மேல இடிக்குது" என்றார். அவர் இடமும் வலமும் பார்த்துவிட்டு, ஸ்கூட்டரை நகர்த்தினார். அன்றைக்கு முழுக்க அவர் வீட்டு ஜன்னலிலிருந்து இவர்களை யாரோ பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

எதிர்பாராத செலவுக்கு என்ன செய்வது என்று கேள்வி வந்தபோது அந்தப் பொறுப்பு மகளுக்குக் கொடுக்கப்பட்டது. மாதத்துக்கு ஒருமுறை வண்டிக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டதாக அவள் அறிவிக்கலாம். ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. அவளுக்கு அதைவிடப் பிடித்த வேலை உலகத்தில் இருந்திருக்காது.

"அப்பா, பூனை சீட்டைக் கிழிச்சிடுச்சு."

"நம்ம கட்டடத்துல பூனையே இல்லையேம்மா."

"வண்டியே இல்லப்பா. பூனை இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

அவர் சீட்டு தைப்பவருக்கு ஃபோன் போட்டு விலை கேட்டார். பணத்தைக் கொண்டுபோய்ப் போட்டார். இன்னொரு மாதம் சைடு மிரர் உடைந்தது. ஒரு மாதம் ஆணி ஏறியது. வழியில் ஓட்டுகிறவரே வண்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டி வந்தது என்று அவள் சொன்னபோது, அவர் ஷோரூமுக்கே போய் ஒரு வண்டியைத் தள்ளிப் பார்த்துவிட்டு வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "அப்பப்பா, யானைக்குட்டி. ஏத்தத்துல பஞ்சர் ஆனா ஆள் கூப்பிடணும். அதுக்கும் ஒரு தொகை வைக்கணும்," என்றார். வலியிலும் முகம் மலர்ந்திருந்தது.

தெருவே சிரித்தது. ஆனால் அதிகமாகச் சிரித்தது அக்காவின் தம்பிதான். இவர்கள் டப்பாவைக் கழுவிய அதே மாதம் அவன் அதே வண்டியை வாங்கிவிட்டான். ஒரே நாளில் கையெழுத்துப் போட்டு, ஓட்டிக்கொண்டே வந்து, வாசலில் நின்று ஹாரன் அடித்தான்.

"மாமா, வராத வண்டிக்கு பெட்ரோல் ஊத்துற ஒரே ஆளு ஊர்ல நீங்கதான்!"

"நல்லா இருக்கு மாப்ள வண்டி," என்றார் லிஃப்ட்காரர். சுற்றி வந்து பார்த்தார். தொட்டுப் பார்த்தார். பொறாமையே இல்லாத ஆள் என்று சொல்லிவிட முடியாது. சைலன்ஸரைத் தொட்டுச் சூடுபட்டும் கையை எடுக்க ஒரு நொடி தாமதித்தார். "இன்சூரன்ஸ் எந்த வகை எடுத்த?"

"அதெல்லாம் அவங்களே போட்டுக் குடுத்துட்டாங்க மாமா. யாரு படிச்சா?"

அன்றைக்குத் தம்பி அக்காவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போனான். அங்கேதான் அவள் மனசு மாறியது. அதுவரை புருஷனின் விளையாட்டு என்று ஒத்துழைத்தவள், திரும்பி வந்து இறங்கியபோது வேறு ஆளாக இறங்கினாள். சின்ன பைக்கில் கல்யாணமான நாளிலிருந்து கால்களை மடக்கி, கருவிப் பையின் வார் இடுப்பில் குத்த உட்கார்ந்தே போய்ப் பழகியிருந்தாள். முதுகுக்குச் சாய ஒரு இடம் இருந்தால் ரோடு எப்படி இருக்கும் என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு டப்பா விஷயத்தில் புருஷனைவிட அவள் கறாரானாள். அவர் சம்பளம் ஒருநாள் தள்ளி வந்தால்கூட, "டப்பாவுக்கு எடுத்து வெச்சீங்களா?" என்பாள். ஹெல்மெட் இரண்டு, பின்னால் உட்காருகிறவருக்குச் சாய்மானம், கையுறை என்று சேர்க்கச் சொன்னதும் அவள்தான்.

மாதங்கள் ஓடின. தம்பி வருவது குறைந்தது. வந்தபோதும் பஸ்ஸில் வந்தான்.

"வண்டி எங்கடா?"

"சர்வீஸ்ல இருக்குக்கா."

"போன மாசமும் சர்வீஸ்லதானே இருந்துச்சு?"

"எங்க வண்டி நேத்தே சர்வீஸ் முடிஞ்சு வந்துடுச்சு மாமா," என்றாள் மகள். தம்பிக்கு அந்தச் சிரிப்பு எட்டவில்லை. வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறான், தவணை கட்டியது போக டயருக்கு வழியில்லை என்று பிற்பாடு தெரியவந்தது. லிஃப்ட்காரர் அதைக் கேட்டு ஒரு வார்த்தை கிண்டலாகப் பேசவில்லை. அவனை உட்கார வைத்து, எந்த டயர் கொஞ்சம் மலிவு, எங்கே கிடைக்கும் என்று சொல்லிக் கொடுத்தார். அக்கா அதைக் கவனித்தாள். தன் தம்பி அத்தனை கேலி பேசியதற்கு இவர் ஒரு வார்த்தையாவது திருப்பிக் கொடுத்திருக்கலாம் என்று அவளுக்கே தோன்றியது. மனிதர் கொடுக்கவில்லை.

அவளுக்கு வேறொரு கவலை இருந்தது. சோதனை ஆரம்பித்த நாலாவது மாதம் வாக்கிலிருந்தே அவள் கண்ணாடி அவளுக்குப் போதவில்லை. பஸ் போர்டு மங்கலாகத் தெரிந்தது. கிட்டத்தில் உள்ள சின்ன எழுத்து எறும்பு மாதிரி ஊர்ந்தது. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்து ஒரே லென்ஸாகப் போட வேண்டும், அது விலை கூடியது, கடை ஆளுக்குக் கொடுக்கும் சலுகையிலும் விலை கூடியதுதான். அதை வாங்கினால் அந்த மாதம் டப்பா காலியாக இருக்கும். டப்பா காலியாக இருந்தால் பேச்சு முடிந்தது. இன்னும் கொஞ்ச மாதம்தானே என்று தள்ளிப் போட்டாள். பஸ் வரும்போது பக்கத்தில் நிற்பவரை, "இது எந்த பஸ்ஸுங்க?" என்று கேட்டு ஏறினாள். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள் அப்படிக் கேட்பது அவளுக்கே சிரிப்பாக இருந்தது. வேலையில் மட்டும் கை பழக்கம் காப்பாற்றியது.

பதினோராவது மாதம் அது காப்பாற்றவில்லை. டெலிவரி வேன் ஓட்டுகிற ஒருவர், புதுக் கண்ணாடி வாங்கிப்போன மறுநாளே திரும்பி வந்தார்.

"அக்கா, இதைப் போட்டா தரை சாயுது. படியில இறங்கும்போது படி என்னப் பாத்து ஏறி வருது."

அவருடைய லென்ஸ் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் உட்கார வேண்டிய லென்ஸ். அளவுக்கருவியின் வட்டத்தில் மெல்லிய கோடுகள் இருக்கும். எந்தக் கோட்டில் நிறுத்தினாள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் லென்ஸ் உட்கார்ந்திருந்தது அந்தக் கோட்டில் இல்லை, பக்கத்துக் கோட்டில்கூட இல்லை, அதற்கும் தள்ளி. இத்தனை வருஷத்தில் ஒரு லென்ஸ்கூட அவள் கையில் கோணியதில்லை. வேன் ஓட்டுகிறவர் நல்ல மனிதர், "பரவாயில்லக்கா, நான் இன்னிக்கு மெதுவாத்தான் ஓட்டினேன்" என்றார். அந்தப் பரவாயில்லைதான் அவளைச் சுட்டது. கண்ணாடி சரியில்லாமல் அவர் ரோட்டில் போயிருக்கிறார். அவளால்.

கடை முதலாளியம்மா கண் சோதிக்கும் எழுத்து அட்டையை எடுத்து அவள் முன்னால் பிடித்தாள். அக்கா மூன்றாவது வரியில் நின்றுவிட்டாள்.

சாயங்காலம் லிஃப்ட்காரர் மனைவியைக் கூட்டிப் போக வந்தபோது முதலாளியம்மா வாசலுக்கே வந்துவிட்டாள். "ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுறா. அவளுக்கு ஒண்ணு போட்டுக்கச் சொல்லுங்களேன். ஏழெட்டு மாசமா நாளைக்கு நாளைக்குன்னு சொல்றா."

இருவரும் வீடு வந்து சேர்ந்தார்கள். மேலே ஏறி, ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, அவர் ஏற்கெனவே மடித்து வைத்திருந்த துணியை எடுத்து மறுபடி மடிக்க ஆரம்பித்தார். மகள் ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஏன் சொல்லல?"

"என்னத்தச் சொல்றது? இன்னும் ஒரு மாசம்தாங்க இருக்கு. கண்ணு எங்க ஓடிப்போகுது?"

"அப்ப லிஃப்ட் எடையைத் தூக்கல. நீ கீழ நின்னு முட்டு குடுத்திருக்க. முட்டு குடுத்துத் தூக்கினா அது சோதனையே இல்ல. முடிஞ்சுது. நான் சொன்ன சொல்லு சொன்னதுதான்."

அவர் எழுந்து போய் க்ரீஸ் டப்பாவை எடுத்தார். கோபத்தில் இல்லை, ஒரு வேலையை முடிக்கிற மாதிரி எடுத்தார். அதுதான் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"நிறுத்துங்க. நானா விரும்பித்தானே குடுத்தேன்?"

"முட்டுக்கு விருப்பம் வேறயா?"

"ஏன், நான் என்ன கம்பியா? மனுஷிதானே? பின்னாடி உக்கார்றவளுக்குச் சாய்மானம் வரைக்கும் ஏத்தினோம். அதுல உக்கார்றவ கண்ணு அதுல இருந்துச்சா? நானும் சொல்லல, நீங்களும் கேக்கல. அது சரி, நீங்க மட்டும் ஒழுங்கா?"

"நான் என்ன பண்ணேன்?"

"ஞாயித்துக்கிழமை எல்லாம் எமர்ஜென்சி ட்யூட்டி யாரு வாங்கிப் பாத்தது? முன்னாடி மாசத்துக்கு ஒருநாள் போவீங்க. இந்த வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை நீங்க வீட்ல இருந்தீங்களா? வண்டி வந்தா எந்த நாள்ல ஓட்டறதா இருந்தீங்க?"

லிஃப்ட்காரர் கையில் மடித்த சட்டை அப்படியே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலைக்குக் கூடுதல் காசு. அது நேராக டப்பாவுக்குத்தான் போனது. அதை அவர் திறமை என்றே நினைத்திருந்தார்.

"ஆக, ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கீங்க," என்றாள் மகள். "லிஃப்ட் நகரவே இல்ல."

முதலில் சிரித்தது அக்காதான். அவர் சிரிக்கவில்லை. "அதான் சொல்றேன், தோத்துட்டோம். விட்டுடலாம்," என்றார்.

"நான் ஒண்ணு கேக்கறேன். உங்க வேலையில லிஃப்ட் சோதனையில நின்னுடுச்சுன்னா என்ன பண்ணுவீங்க? கட்டடத்தை இடிச்சிடுவீங்களா?" என்றாள் அக்கா.

"இடிக்கறதா? எதனால நின்னுச்சுன்னு பாத்து, சரி பண்ணி, மறுபடியும் எடை ஏத்துவோம்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது வருஷமாகத் தன் வேலையில் எந்த லிஃப்ட்டுக்கும் விதிக்காத தண்டனையை மனிதர் தனக்கு மட்டும் விதித்துக்கொண்டிருக்கிறார். அதற்காக அவரைக் கோபித்துக்கொள்வதா, கும்பிடுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"சரி," என்றார் கடைசியில். "ஆனா மொதல்லேருந்து. பழைய மாசம் எதுவும் கணக்குல வராது."

"வராட்டி போகட்டும். இந்தத் தடவ என்ன ஏத்தணும், எதை ஏத்தக் கூடாதுன்னு நான் சொல்லுவேன்."

மறுநாள் டப்பாவிலிருந்து முதலில் எடுத்தது வேன் ஓட்டுகிறவருக்கு மாற்று லென்ஸுக்கான பணம். அடுத்தது அக்காவின் லென்ஸுக்கு. பழைய கண்ணாடியோடு அதை அவள் கையாலேயே வெட்டிக்கொள்ள முடியாது என்பதால், முதலாளியம்மாவே மெஷினில் உட்கார்ந்து வெட்டித் தந்தாள். புதுக் கண்ணாடி போட்ட அன்று அக்கா வீட்டுக்கு வந்து சமையலறைச் சுவரைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு அழுக்கா இருந்துச்சா இது? ஒருத்தராவது சொன்னீங்களா?" என்று எல்லோரையும் வைய ஆரம்பித்தாள்.

இரண்டாவது சோதனை முதல் சோதனை மாதிரி இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் காசு டப்பாவுக்குள் நுழையக் கூடாது என்று அக்கா தடை போட்டாள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மேல் அவர் வேலைக்குப் போனால் அந்த மாதம் தோல்வி. மூவரின் கண், பல் செலவுக்கு ஒரு பங்கு முதலில் ஒதுக்கின பிறகுதான் வண்டிக்கு. இத்தனையும் கழித்தால் தவணையின் எடையை வீடு தாங்காது என்பது முதல் மாதக் கணக்குப் போடும்போதே தெரிந்துவிட்டது. அப்போதுதான் முதல் வருஷத்துப் பணம் வங்கியில் அப்படியே கிடப்பது மூவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. அதை முன்பணமாகக் கட்டினால் கடன் பாதியாகக் குறையும், தவணையும் குறையும். அந்தக் குறைந்த தவணையை ஏற்றியே சோதனையைத் தொடங்கினார்கள்.

"நிஜ வண்டி வாங்கித் தோத்திருந்தா இந்தக் காசும் இருந்திருக்காது," என்றார் லிஃப்ட்காரர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி, "ஏன் மாமா என்னப் பாத்தே சொல்றீங்க?" என்றான். அவர் உண்மையிலேயே சுவரைப் பார்த்துத்தான் சொன்னார்.

வெறுமனே வீட்டில் இருந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அவருக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. கீழே போய் அழிந்துபோன சாக்பீஸ் கட்டத்தை மறுபடி வரைந்தார். பிறகு அதன் நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, கால்களை முன்னால் நீட்டி உட்கார்ந்தார். அக்கா டீ எடுத்துக்கொண்டு போய், இன்னொரு ஸ்டூலைப் பின்னால் போட்டு உட்கார்ந்தாள். கீழ்வீட்டுக்காரர் கேட்டைத் திறந்து உள்ளே வந்தவர், இருவரையும் பார்த்து, "எங்க, தூரமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவரும் பழகிவிட்டார்.

அந்த வருஷம் எந்த மாதமும் தவறவில்லை. மகள் முடிந்த மட்டும் பார்த்தாள். பூனையை மறுபடி கொண்டுவந்தாள், வெள்ளத்தைக் கொண்டுவந்தாள், ஒரு மாதம் வண்டியின் சாவியையே தொலைத்தாள். வீடு தாங்கியது. யாரும் கீழே நின்று தோள் கொடுக்கவில்லையே என்று மாதக் கடைசியில் லிஃப்ட்காரர் ஒவ்வொருவராகப் பார்த்துக் கேட்பார். "உனக்கு ஏதாவது வேணும்னு நெனச்சு சொல்லாம விட்டியா?" முதல் சில மாதம் அவர்களுக்கு அந்தக் கேள்வி சிரிப்பாக இருந்தது. பிறகு அந்த ஒரு கேள்விக்காகவே மாதக் கடைசியை எதிர்பார்க்க ஆரம்பித்தார்கள். மகள் ஒருமுறை, "ஒரு நல்ல செருப்பு" என்றாள். அடுத்த நாள் செருப்பு வந்தது.

ஷோரூமில் விற்பனைப் பையன் வழக்கமான பாட்டை ஆரம்பித்தான். பதிவு, வரி, இன்சூரன்ஸ், எக்ஸ்ட்ரா வாரண்டி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் முகம் சுருங்கும் என்று காத்திருந்தான். எதிரே மூன்று பேரும் தெரிந்த சொந்தக்காரர்களின் பெயரைக் கேட்பது போலத் தலையாட்டினார்கள். ஒன்றை அவன் விட்டுவிட்டபோது அக்கா எடுத்துக் கொடுத்தாள்.

"முதல் க்ரூஸரா சார்?" என்று கேட்டான்.

"இல்லண்ணா, இது ரெண்டாவது," என்றாள் மகள். "முதலாவதைப் பூனை கிழிச்சிடுச்சு."

வண்டி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட்காரரும் கண்ணாடியக்காவும் கிளம்பினார்கள். கேட்டின் புதுக் கீல் சத்தமில்லாமல் திறந்தது. கீழ்வீட்டுக்காரர் ஸ்கூட்டரை யாரும் சொல்லாமலே நகர்த்தி வைத்திருந்தார். லிஃப்ட்காரர் வண்டியை ஊருக்கு வெளியே போகிற பெரிய ரோட்டில் ஏற்றினார். முழங்கால்கள் வெகுநாளைக்குப் பிறகு எதையும் இடுக்காமல் விரிந்து கிடந்தன. அக்கா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச தூரம் போனதும் அவள் கேட்டாள்.

"என்னங்க, கேக்குதா?"

"சொல்லு."

"அங்க தூரத்துல, வளைவுக்கு முன்னாடி மஞ்சள் போர்டு தெரியுதே. அதுல என்ன எழுதியிருக்கு, சொல்லுங்க பாப்போம்."

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "தெரியலையே. கிட்டப் போனாத்தான் தெரியும்."

"வேலை நடக்குது, மெதுவாப் போன்னு போட்டிருக்கு. குறைங்க, குறைங்க."

அவர் வேகத்தைக் குறைத்தார். கிட்டே போனபோது போர்டில் அப்படித்தான் எழுதியிருந்தது.

"நாளைக்கு சாயங்காலம் நேரா கடைக்கு வந்துடுங்க," என்றாள் அக்கா, அவர் தோளில் தட்டி. "லென்ஸ் நான் வெட்டித் தர்றேன். அதுக்கு ஒதுக்கின பங்கு டப்பாவுல இருக்கு."